கேட்காமல் விட்ட பெயர்

ஒரு கையில் லேப் போன். மறு கையில் ஒரு ரிப்போர்ட் தாள். போனின் திரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. அரை மணி நேரத்துக்கு முன் நான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இன்னொரு ரிப்போர்ட்டுக்கு வந்த பதில் அது. அம்மாவுக்கு எல்லாம் நார்மல் என்று பார்த்த ஒரு மகன் சந்தோஷமாகப் போட்ட கட்டைவிரல்.

அந்த ரிப்போர்ட் அவருடைய அம்மாவுடையது இல்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மதுரை கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். மதியம் ஒரு மணி இருக்கும். வெளியே கத்திரி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி. எனக்கு மட்டும் வெள்ளைக் கோட்டுக்குள் முதுகு நனைந்திருந்தது.

போன வாரம் இதே இதழில், விளாங்குடி அத்தை வீட்டில் நான் தங்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அத்தை போன் செய்தார். "எங்க வீட்டு ஃபேனு சத்தம் போடும்னு ஊரு பூரா சொல்லிட்டியே ஆத்தா" என்று வருத்தப்பட்டார். இந்த வாரம் அத்தை பிழைத்தார். மாட்டிக்கொள்ளப் போவது நான்தான்.

ஊசிக்கு இல்லை, ரோட்டுக்கு

எனக்கு ஊர் எழுமலைக்குப் பக்கம். லேப் டெக்னீஷியன் படிப்பில் இரண்டாம் வருடம் முடித்திருந்தேன். கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு லேபில் இரண்டு மாதம் இன்டர்னாக வேலை பார்த்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது கல்லூரி விதி. அதுவரை நான் மதுரையைப் பார்த்ததெல்லாம் கல்யாண ஜவுளி எடுக்க வரும்போதுதான். அதுவும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

அப்பா என்னை அனுப்ப ஒத்துக்கொண்டதே பெரிய காரியம். பஸ் ஏற்றிவிடும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தி ஒரு சொல்லு காதுல விழுந்துச்சு, அன்னைக்கே கெளம்பி வந்துரணும் தனம்" என்றார். வீட்டு அலமாரியில் ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம் காத்திருந்தது. ஒரு புகார் வந்தால் படிப்பு அதோடு முடிந்தது. இது மிரட்டல் இல்லை, என் பெரியப்பா மகளுக்கு அப்படித்தான் முடிந்தது.

மதுரை ஒரு பெரிய ஊரா என்று சென்னைக்காரர்கள் சிரிக்கலாம். கோரிப்பாளையத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ரோட்டைக் கடந்துவிட்டு வந்து சிரிக்கட்டும். தைரியமான முகமாக ஒரு ஆளைத் தேடி, அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கடப்பது என் வழக்கம். ஒருநாள் நான் ஒட்டிய ஆளுக்குப் பாதி ரோட்டில் போன் வந்துவிட்டது. அவர் நின்று பேச ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் பஸ்கள் உரசிப் போக, முன்பின் தெரியாத அந்த மனிதரோடு நானும் நடு ரோட்டில் நின்றேன்.

பஸ் எங்கே போகிறது என்று கேட்கவும் பயம். கேட்டால் வெளியூர்க்காரி என்று தெரிந்துவிடும். தெரிந்தால்தான் என்ன என்று இப்போது தோன்றுகிறது. அப்போது பயம் மட்டும்தான் தோன்றியது.

லேபில் வாயைத் திறக்கப் பயம். முதல் நாள் காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து "இம்புட்டுப் பேரா?" என்று கேட்டுவிட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் அன்று முழுக்க எனக்கு "இம்புட்டு" என்று பெயர் வைத்துக் கூப்பிட்டாள்.

எங்கள் சீனியர் ஹேமா அக்கா. என்னைவிட ஆறேழு வயது பெரியவர், சௌராஷ்டிரா வீட்டுப் பெண். வேலையில் கறார். அவர் தன் அம்மாவிடம் போனில் எனக்குப் புரியாத வீட்டு மொழியில் பேசும்போதெல்லாம் நான் முகத்தைக் கவனிப்பேன். என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று தோன்றும். இல்லாதவனுக்கு ஒரு கவலை, பயந்தவளுக்கு ஆயிரம் கவலை.

ஆனால் ஊசிக்கு நான் பயந்ததில்லை. ஸ்பிரிட் வாசம் மூக்கில் ஏறியதும் மனசு அமைதியாகிவிடும். விரலுக்கடியில் நரம்பு உருண்டு கொடுக்கும் அந்தக் கணத்தில் ரோடு, பஸ், ஊர் எல்லாம் மறந்து போகும். மூன்றாவது வாரத்திலேயே ஹேமா அக்கா என்னைத் தனியாக ரத்தம் எடுக்க விட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. வந்ததை மறைத்து என்ன ஆகப் போகிறது.

மூன்று கேள்விகள்

ரத்தம் எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பெயர் என்ன, வயது என்ன, கணவர் அல்லது அப்பா பெயர் என்ன. ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஸ்டிக்கர் அடித்து ஒரு தட்டில் வைத்திருப்பார்கள். பதில்கள் ஸ்டிக்கரோடு ஒத்துப்போனால்தான் அதை டியூபில் ஒட்டலாம்.

"நீ பேரைச் சொல்லி ஆமாவான்னு கேக்கக் கூடாது. அவங்க வாயால வரணும்" என்று ஹேமா அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்.

பெயர், வயது சரி. அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் எனக்கு வாய் வராது.

என் அம்மா இதுவரை அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா பெயர் சின்னச்சாமி. அதனால் அம்மா 'சாமி' என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார். சாமி கும்பிடப் போகிறேன் என்று ஊரே சொல்லும். அம்மா மட்டும் "கோயிலுக்குப் போயிட்டு வாரேன்" என்பார். சாமியாடி வந்தால், "அந்தா ஆடுறவரு வாராரு" என்பார்.

ரேஷன் கடையில் கார்டு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் என்னை முன்னால் தள்ளிவிடுவார். நான் வாய் திறந்து "சின்னச்சாமி" என்பேன். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்த ஒரு நாளில் அம்மா தனியாகப் போய்விட்டார். கடைக்காரர் புதியவர், விடாமல் கேட்டிருக்கிறார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றிருக்கிறார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். சர்க்கரை வாங்காமலே வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோதும் அழுதுகொண்டிருந்தார்.

லேபில் என் அம்மா வயதுப் பெண்கள் வந்து உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்படிதான் ஞாபகம் வரும்.

ஒரே பெயரில் இருவர்

அன்று திங்கட்கிழமை. வெறும் வயிற்றோடு வந்த கூட்டம் வாசல் வரை நின்றது. "பாண்டியம்மா" என்று கூப்பிட்டேன். ஓர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

நாலடி நடந்ததற்கே மூச்சு வாங்கியது. பாதம் வீங்கியிருந்தது. செருப்பு வார் அழுந்திய இடம் பள்ளமாகத் தெரிந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்திருந்தது. நகமெல்லாம் வெளுத்துப்போய் இருந்தது. அவரைக் கூட்டி வந்தவர் கழுத்தில் துண்டோடு வாசலுக்கு வெளியே, செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"மெதுவா எடு தாயி. இருக்கிறதே கொஞ்சம்தான்" என்று கையை நீட்டினார்.

தட்டில் பாண்டியம்மாள் என்ற பெயரில் இரண்டு ஸ்டிக்கர்கள் இருந்தன. வயது முன்னே பின்னே ஒன்றுதான். ஒன்றில் கணவர் பெயர் பெரியகருப்பன், ஊர் சமயநல்லூர். இன்னொன்றில் கணவர் பெயர் மாயாண்டி, ஊர் அலங்காநல்லூர் பக்கம். அதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இருக்கிறது. பார்த்தேன், கேட்கவில்லை.

கேட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். எதிரே பெஞ்சில் பத்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் இந்த அம்மாவை அவர்கள் முன் தலைகுனிய வைக்க எனக்கு மனசு வரவில்லை. மேலே இருப்பது முதலில் வந்தவருடையதாகத்தான் இருக்கும் என்று அந்த ஸ்டிக்கரை உரித்து டியூபில் ஒட்டினேன். அது மாயாண்டி மனைவியுடையது.

கால் மணி நேரம் கழித்து இரண்டாவது பாண்டியம்மாள் வந்தார். கை நிறைய வளையல், வாய் நிறையப் பேச்சு. "சீக்கிரம் விடும்மா, களையெடுப்பு கெடக்கு" என்றார். தட்டில் மிச்சம் இருந்தது ஒரு ஸ்டிக்கர்தான். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அதையும் ஒட்டினேன்.

"களையெடுக்கப் போயிட்டாளே"

மதியம் ஒரு ரிப்போர்ட் சிவப்பு எழுத்தில் வந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு நாலு. இப்படி வந்தால் உடனே அவர்களைப் போனில் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். ரிசப்ஷன் பெண் சாப்பிடப் போயிருந்தாள். ஹேமா அக்கா தாளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

தாளில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன். மாயாண்டி எடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு அவருக்குக் குழப்பம்.

"ரத்தம் இல்லையா? அவ காலையில வந்ததும் களையெடுக்கப் போயிட்டாளே. கண்ணு ஆபரேசனுக்கு எடுத்துட்டு வரச் சொன்னாகன்னுதானே அங்க வந்தோம்" என்றார். "நல்லா பாத்துச் சொல்லும்மா, ஆளு மாறிப்போச்சா?"

காலையில் கேட்ட வளையல் சத்தம் மறுபடி என் காதில் கேட்டது. பிறகு அந்த வீங்கிய பாதம் கண் முன்னால் வந்தது.

"திருப்பிக் கூப்பிடுறேங்க" என்று வைத்தேன். அந்த நேரத்தில்தான் கட்டைவிரல் வந்து விழுந்தது. சமயநல்லூர் பாண்டியம்மாளின் மகனிடமிருந்து. மாயாண்டி மனைவியின் நல்ல ரத்தத்தை, அவருடைய அம்மாவின் ரத்தம் என்று நான் அனுப்பியிருந்தேன். நாலு என்று வந்த ரத்தம் உடம்பில் ஓடுகிற அம்மா, தனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் இருக்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். லேபில் 'ரத்தம் கட்டியாயிருச்சு, மறுபடி வந்து குடுங்க' என்று சொல்லும் வழக்கம் உண்டு. யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அதைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் அந்த மகனைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லாரி ஓட்டுபவராம். டீக்கடையில் நின்ற நேரத்தில் கட்டைவிரல் போட்டுவிட்டு மறுபடி வண்டியை எடுத்திருக்க வேண்டும். நான்கு தடவை கூப்பிட்டேன்; லேபில் எழுதிக் கொடுத்திருந்தது அந்த ஒரு நம்பர்தான். எடுத்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பேன், இதை இன்று எழுதியிருக்கவும் மாட்டேன். என் நேர்மைக்கு முழுக்காரணம் அவர் போன் எடுக்காததுதான்.

பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். யாரிடமும் சொல்லாமல், வெள்ளைக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு. கால் வாசல் பக்கம் இரண்டடி போனதும் உண்மை.

திரும்பி உள்ளே போனேன். ஹேமா அக்கா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். "அக்கா, ரெண்டு பாண்டியம்மாவையும் நான் மாத்திட்டேன்" என்றேன்.

அவர் டிபன் பாக்ஸை மூடினார். "வீட்டுக்காரர் பேரு கேட்டியா?"

"கேக்கலக்கா."

"ஏன்?"

"பாவமா இருந்துச்சுக்கா."

"இப்ப யாரு பாவம்?" என்று கேட்டார். பிறகு போனை எடுத்து வீட்டு மொழியில் வேகவேகமாகப் பேசினார். டாக்டரின் வீட்டுக்கோ எங்கள் கல்லூரிக்கோ தகவல் போகிறது என்று நினைத்தேன். அப்பா பஸ் ஸ்டாண்டில் நிற்பதுகூடக் கண்ணில் தெரிந்தது. பாட்டு வகுப்பு விட்டு வரும் மகளைக் கூட்டி வரச் சொல்லித் தன் அம்மாவிடம் பேசினார் என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஊசி, டியூபு எல்லாம் பையில போடு. ஸ்கூட்டியில ஏறு" என்றார்.

"எனக்கு இங்க இடம் இருக்குமாக்கா?"

"ஒனக்கென்ன, நீ ரெண்டு மாசத்துல போறவ. எனக்குத்தான் வேலை போகும். ஒன்னத் தனியா விட்டது நான்" என்றார். சாப்பிடாத டிபன் பாக்ஸை மேசையில் விட்டு, ஸ்கூட்டி சாவியை எடுத்தார்.

சமயநல்லூர் வரை

எந்த வழியாகப் போனோம் என்று கேட்டால் பாதிதான் சொல்லத் தெரியும். அனல்காற்று முகத்தில் அடித்தது. விளாங்குடி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன், அத்தை பார்த்துவிட்டால் அந்த 'சொல்லு' அப்பாவுக்குப் போய்விடுமே என்று. ஒரு உயிர் ஊசலாடும் நேரத்தில் எனக்கு அந்தக் கவலையும் இருந்தது. திண்டுக்கல் ரோட்டில் எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது. அதற்குள் அவர்தான் இருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். மனசுக்குள் எல்லாச் சாமிக்கும் வேண்டினேன். அம்மா மாதிரி சொல்லை மாற்றாமல், சாமி, சாமி என்றே வேண்டினேன்.

சமயநல்லூரில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தி, "பாண்டியம்மா வீடு எதுண்ணே?" என்று கேட்டேன்.

"இங்க பத்துப் பாண்டியம்மா இருக்காக. வீட்டுக்காரர் பேரைச் சொல்லுத்தா."

"பெரியகருப்பன்" என்று ரோட்டில் நின்று கத்தினேன். காலையில் கேட்கத் தயங்கிய பெயர்.

"அவரு சம்சாரமா? அந்தா, தண்ணித் தொட்டிக்கு அடுத்த சந்து, நீல கேட்டு."

வீட்டு வாசலில் காலையில் பார்த்த அதே துண்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டியிருந்தார். உயிரோடு இருந்தார்.

"வா தாயி, ஊசி போட்ட பிள்ளைதானே? எல்லாம் நல்லா இருக்குன்னு மகன் போன் பண்ணிச் சொல்லிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போறதா இருந்தோம், இனி என்னத்துக்குன்னு விட்டுட்டோம்" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

அவருக்கு என்ன ஆனது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். யாரையும் பதற்றத்தில் வைத்திருக்க எனக்குப் பிடிக்காது. அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். பத்து நாளில் வீடு திரும்பினார். இரண்டு நாள் தாமதித்திருந்தால் நெஞ்சு தாங்கியிருக்காது என்று அங்கே சொன்னார்களாம். ஹேமா அக்காவின் வேலை போகவில்லை, ஆனால் எங்கள் டாக்டர் திட்டியதில் இருவருக்கும் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. எனக்கு வேண்டிய கையெழுத்து கிடைத்தது, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு. அப்பாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. அவர் இந்த இதழைச் சலூனில் படிப்பார். படிக்கட்டும்.

மறுபடி அந்த வீட்டுக்கு வருகிறேன்.

அவர்களிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஆட்டோ வரச் சொல்லியாயிற்று. ஹேமா அக்கா சந்தில் நின்று டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டோ வருவதற்குள், உறுதி செய்ய மறுபடி ரத்தம் எடுத்துவிடு என்று எனக்குக் கையால் காட்டினார். நான் அந்த அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"ஒங்க பேரு சொல்லுங்கம்மா."

"பாண்டியம்மா. தெரியாதாக்கும்."

"வயசு?"

"அம்பத்தி நாலோ அஞ்சோ."

"வீட்டுக்காரர் பேரு?"

அவர் சிரித்தார். முந்தானை வாய்க்குப் போனது. "அந்தா வாசல்ல உக்காந்திருக்காருல்ல, அவருதான்."

"நீங்க பேரைச் சொல்லணும்மா."

"நீயே சொல்லு தாயி."

எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்திருந்தேன். ஆனாலும் சொல்லவில்லை. எடுத்த ஊசியை மூடிக் கீழே வைத்தேன். ஊசியைப் பார்த்து அதுவரை நான் பின்வாங்கியதே இல்லை.

"ஏன் தாயி இப்படிப் பயப்படுற?" என்று அவர் கேட்டார்.

"காலையில நான் ஒங்ககிட்டக் கேக்கலம்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பத்து ஆம்பளைக இருந்தாக, ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும்னு விட்டுட்டேன். அதான் ஒங்க ரத்தத்துல வேற ஆளு பேரை ஒட்டிட்டேன். ஒங்களுக்கு எல்லாம் நல்லா இல்ல. நாந்தான் தப்பா அனுப்புனேன். இப்பவும் நீங்க சொல்லாம என்னால குத்த முடியாதும்மா."

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். வாசலைப் பார்க்காமல், தன் கையைப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்.

"பெரியகருப்பன்."

வாசலில் உட்கார்ந்திருந்தவர், "என்னா?" என்று எழுந்து நின்றார்.